பௌர்ணமித் தண்ணீர்

எங்கள் அண்ணி முத்தாயிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். முதலாளி தோட்டத்தை விற்றதும் அண்ணனோடும் என்னோடும் தஞ்சோங் கிளிங் கடலோரத்துக்கு வந்து, ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தார். சாப்பிடுவதுகூட நடந்துகொண்டேதான். அப்படி ஒரு மனுஷியோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் அவர் தவிப்பில் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் பொங்கி, கால்வாய் வழியாக எங்கள் வரிசை வீடுகளுக்குள் ஏறும். முதலில் கணுக்கால் நனைந்தது. தொண்ணூற்றாறில் கெண்டைக்கால். உலகம் சூடாகிறது, கடல் இன்னும் ஏறும் என்று வானொலியில் கேட்டதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. நகராண்மைக் கழகமோ, வெள்ளம் வந்த பிறகு பாயும் பிஸ்கட்டும் கொடுக்கும். எங்கள் பக்கத்திலேயே, அதே பள்ளத்தில், புது வீடுகளுக்கு அனுமதி கொடுக்கவும் பார்த்தது. வரப்போகிற தண்ணீருக்கு முன்கூட்டியே திட்டம் போடாமல் யாரும் ஒரு கல்கூட வைக்கக் கூடாதென்று விதி வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு வீடே மிஞ்சாது என்பார் அண்ணி. ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். கேட்டுக் கேட்டு எங்கள் காதுதான் புளித்தது.

கடைசியில் சேகரன் என்ற அதிகாரி நேரில் வர ஒப்புக்கொண்டார். அண்ணி வேண்டுமென்றே பங்குனிப் பௌர்ணமிக் காலையைச் சொன்னார். அன்று எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. தண்ணீர் ஏறுவதை அந்த மனிதர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தார்.

கோயில் தலைவர் தனபாலன் விடுவாரா? ஆபீசர் வருகிற நாளில் கோயில் வாசலில் சாக்கடைத் தண்ணீரா, மானம் போய்விடும் என்று ஆட்களைக் கூட்டி, கால்வாய் வாயை மண்மூட்டைகளால் அடைத்துவிட்டார். தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் குடியிருந்த லயத்து வீடுகளைக் கழுவி வெள்ளையடித்துப் பழகிய ஜனம்தானே நாங்கள்! வாசலெல்லாம் புது மணல், மாவிலைத் தோரணம், சேகரன் கழுத்தில் ரோஜா மாலை.

இட்லியும் கேசரியும் பசியாறிய சேகரன் சுற்றிப் பார்த்தார். இடம் நன்றாகக் காய்ந்துதானே கிடக்கிறது, திட்டமெல்லாம் எதற்கு, மேலிடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார். தனபாலனுக்கு வாயெல்லாம் பல்.

அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்வாய்க்குப் போய், மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்ததையும் இழுத்தார்.

"அண்ணி, சாமி காரியம் லா, விடுங்க," என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

கறுப்புத் தண்ணீர் திபுதிபுவென்று பாய்ந்தது. வெளியே கழற்றி வைத்திருந்த சேகரனின் சப்பாத்து மிதந்து போனது. கார் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வரிசையிலேயே தாழ்வான வீடு எங்களுடையது, தண்ணீர் நேராக அங்கேதான் போயிற்று.

அண்ணி சேகரனை அந்தத் தண்ணீரிலேயே நடத்தி எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்து, கட்டிலில் உட்கார வைத்தார். மாலையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர், எப்போது வெளியே போகலாம் என்று கேட்டார்.

"தண்ணி இறங்குற வரைக்கும் காலத் தூக்கி வச்சுக்கிட்டு இருங்க சார், நாங்க அப்படித்தான் இருக்கோம்," என்றார் அண்ணி. "அடுத்த வருஷம் கட்டில் வரைக்கும் வந்துச்சுன்னா எங்க ஏறுறது? அத மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போங்க."

சேகரன் கட்டில் காலையே பார்த்துக்கொண்டு, தன் கால்களை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.