திரேஸ்புரத்தில் சூசையிடம் சொன்னது

திரேஸ்புரம் கடற்கரைக்குப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு ஜனவரியில். சுற்றிப் பார்க்க அல்ல.

அப்போது மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் இளநிலை மருத்துவராக இருந்தேன். திரேஸ்புரத்துக் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் சந்தியாகு என்ற நோயாளிக்கு உடம்பில் ரத்தம் ஊறாமல் போயிற்று. அவருடைய இரட்டைச் சகோதரர் சூசையின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினோம். பத்தாவது வாரம் காய்ச்சல், தலைவலி, பிறகு வலிப்பு. முதுகுத்தண்டில் எடுத்த நீரில் ஒன்றும் தெரியவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றே நினைத்தோம். அவர் இறந்த பிறகுதான், மூளைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஒட்டுண்ணிகளைப் பார்த்தேன். அதற்குள் சூசை ஊருக்குப் போய்விட்டார். இதைத் தபாலில் எழுத மனம் வரவில்லை.

எழும்பூரில் மாலை ரயிலேறி, மறுநாள் காலை பத்தரைக்குத் தூத்துக்குடியில் இறங்கினேன். திரேஸ்புரம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய்.

"சூசையா? வீட்டுலதான் கெடப்பான். தம்பி போனதுலருந்து கடலுக்கே போறதில்ல," என்றார் வண்டிக்காரர்.

கதவைத் திறந்தது சந்தியாகுவின் முகம். தினமும் நான் ரத்தம் எடுத்த அதே முகம், உயிரோடு. நான் தொடங்குமுன் சூசையே கேட்டார்:

"என் எலும்புலருந்து எடுத்ததுதான அவனக் கொன்னுட்டு, டாக்டரம்மா?"

"இல்லைங்க. உங்க மஜ்ஜை நல்லாப் பிடிச்சுது. அதுக்கு முன்னால கொடுத்த மருந்துல அவர் உடம்போட எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சு. எப்பவோ உள்ள வந்து சும்மா கிடந்த கிருமி மூளையில பெருகிடுச்சு."

"முன்னமே தெரிஞ்சிருந்தா?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "மருந்து இருந்துச்சு. நாங்க அந்தக் கிருமியைத் தேடவே இல்ல. பிழைச்சிருக்கலாம்."

அவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "கடைசியா என்னமும் கேட்டானா?" என்றார்.

"ஜன்னலைத் திறக்கச் சொன்னார், கடல் காத்து வருமான்னு. கிருமி வந்துடும்னு நாங்க திறக்கல."

"அங்கனயும் கடல் இருக்குல்லா," என்றார் சூசை.

மாசி பிறந்ததும் அவர் மறுபடி சங்கு குளிக்கப் போனதாகப் அந்த ஊர் தேவாலயத்துப் பங்குச் சாமியார் எழுதினார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால், ஒட்டுண்ணியையும் தேடுங்கள் என்று பெரிய டாக்டர்களிடம் நான் சண்டை பிடிக்க ஆரம்பித்தேன். அப்படித் தேடிக் கண்டுபிடித்ததில் இருவர் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

நீங்கள் போவதானால் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள், படகுகள் கிளம்புவதைப் பார்க்கலாம். வெயிலேறினால் நிழல் கிடையாது. திரும்பும் ரயிலுக்கு அரை மணி முன்னதாகவே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நான் ஓடிப்போய்த்தான் ஏறினேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் எழுந்து வர மனமே இல்லை.