பல் பாட்டில்

சேலையூர் கேம்ப் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் பல் கிளினிக்குக்குள் நுழைந்ததுமே கிராம்பு எண்ணெய் மணந்தது. என் முகத்தைப் பார்த்ததும் ரிசப்ஷன் பெண் இந்தியில் பேசத் தொடங்கினாள்.

"தமிழ்லயே பேசும்மா. நான் தாம்பரத்துல பொறந்தவ."

இதே மணம்தான் நான் சிறுமியாக இருந்தபோது தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் இருக்கும். சீனாவிலிருந்து வந்த தாத்தாவிடம் கற்ற தொழிலை அப்பா அங்கேதான் செய்தார். வாசலில் 'சீனப் பல் டாக்டர்' என்று போர்டு. பிடுங்கிய பல்லைக் கழுவி, தெருவைப் பார்த்த ஜன்னலில் இருக்கும் கண்ணாடிப் பாட்டிலில் டங்கென்று போடுவார். அந்தப் பாட்டில்தான் எங்கள் விளம்பரம்.

எல்லையில் சீனாவோடு சண்டை வந்த நாட்களில் போர்டின் மேல் கல் விழுந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"போர்டுல 'சீன'ங்கிறதை மட்டும் அழிச்சிடுங்க சார். உங்களை ஊரை விட்டே போகச் சொல்றாங்க."

அப்பா அன்றே சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து அந்த வார்த்தையை இன்னும் பெரிதாக எழுதினார். பிறகு பாட்டிலைத் தூக்கி வாத்தியாரின் முகத்துக்கு நேரே குலுக்கினார்.

"இந்த ஊரு பல்லு பூரா என்கிட்ட கீது வாத்யாரே. நான் எங்க போறது?"

இன்று என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் பெண் அதைக் குப்பையில் போடப் போனாள். பஞ்சைக் கடித்தபடியே கையை நீட்டினேன்.

"இது எதுக்கு ஆன்ட்டி?"

"ஊரு பல்லெல்லாம் வூட்டுல பாட்டில்ல கீது. என்னோடது மட்டுந்தான் இல்ல."