"எப்பலேருந்து அசைவு கம்மி?"

என் மகள் யாழினி பிறக்கும்போது மூச்சுக் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழியைப் பதினோரு வருடங்களாக என் மனைவி செல்வி சுமக்கிறாள். நான் கைவீசிக்கொண்டு கூடவே நடக்கிறேன்!

திருவாரூர்ப் பக்கம் எனக்குக் குத்தகை விவசாயம். ஆனால் ஊரில் யாரும் என்னை விவசாயி என்று சொல்வதில்லை. கேலிக்காரன் என்றுதான் பெயர். துக்க வீட்டில் என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள், சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்று.

அவள் பிறப்பதற்கு முந்தின நாள் குறுவை நெல் அறுப்பு. மழை இறங்கப் பார்த்தது. மூன்று நாள் காத்திருந்து, அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வரும் முறை. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது நிறைமாதக்காரி செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, விடிஞ்சதுலேருந்து புள்ள அசையவே இல்லங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா?"

"அப்பன மாதிரி தூங்குமூஞ்சியா இருக்கும்டி! ரெண்டு இட்லி கூடப் போட்டுக்க, எந்திரிச்சிரும்."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் வயலுக்குப் போனேன்... நெல் நனையாமல் கரையேறியது!

மறுநாள் வலி கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. "எப்பலேருந்து அசைவு கம்மி?" என்று டாக்டரம்மா கேட்டார். செல்வி கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னிக்குக் காலையிலேருந்துதான் டாக்டர்."

ஒரு முழு நாளை விழுங்கிவிட்டேன். எதற்காக? திட்டுவாரே என்று... அவ்வளவுதான்! ஊரையே கிண்டலடிக்கிற வாய்க்கு ஒரு திட்டைத் தாங்கத் தெம்பில்லை.

குழந்தை நீலமாக வந்தது. அழவில்லை. மூக்கில் பம்பு வைத்து அழுத்தினார்கள். மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போகவில்லை என்றார்கள். "அசைவு குறைஞ்ச உடனே கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. என் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்: "வயித்துப் புள்ள அசையுதா இல்லியான்னு தெரியாத பொம்பள!"

செல்வி என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமா? அதற்குப் பிறகு ஒரு நாளாவது?

யாழினி நடக்க மாட்டாள். சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டும். செல்விதான் ஊட்டுகிறாள்.

போன மாதம் செல்வியின் தங்கை சுமதி பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். சாப்பிடும்போது சொன்னாள்: "மாமா, காலையிலேருந்து உள்ள சத்தமே இல்ல. என்ன கோவமோ ஐயாவுக்கு!"

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினேன். பக்கத்து வீட்டுக் காரை வாங்கி வந்து, செல்வியையும் யாழினியையும்கூட அள்ளிப் போட்டுக்கொண்டு...

"ஐயோ மாமா, நைட்டியோட இழுத்துட்டுப் போறீங்களே! கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ அவசரப்படல!" வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள் சுமதி.

உடனே ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை வீல் என்று அழுதது, வராந்தாவரைக்கும் கேட்டது!

யாழினியை மடியில் சாய்த்து வைத்திருந்த செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த ஓட்டம் ஓடுறீங்களே... அன்னிக்கு நான் உங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவளும் நல்லாப் பொறந்திருப்பால்ல?"

கேட்டீர்களா? சொல்லவில்லையாம்! வாசலில் வந்து நின்றது, கேட்டது, சிரித்தது... எதுவும் அவளிடம் இல்லை. நான் டாக்டரிடம் சொன்ன பொய்யையும் என் அம்மாவின் ஏச்சையும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதையே நடந்ததாக நம்பிவிட்டாள். அந்தக் காலை இப்போது என் ஒருவனிடம்தான் இருக்கிறது.

சொல்லியிருக்கலாம். அந்த நொடியிலாவது... சொல்லியிருக்கலாம் இல்லையா?

"ஆமா செல்வி" என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். யாழினியின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மாவ மன்னிச்சுக்கடி."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.