சித்தப்பாவின் லண்டன் படம்

லண்டனில் மாடி வைத்த ரயில் ஓடாது என்று எனக்குச் சொல்லித்தந்தவர், லண்டன் பக்கமே போயிராத என் சித்தப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தப்பா சிட்னியின் கிரவீன் பகுதியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். முல்லைத்தீவில் இருந்த சித்தியோ, அவர் லண்டனில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். சித்தியின் தம்பி படகேறிப் போய் ஒரு தகவலும் இல்லாமல் போனவர். அதனால் படகில் கால் வைப்பதில்லை என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியம் செய்த மனிதர் படகில்தான் வந்தார். விமானத்தில் லண்டன் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிவிட்டார். சித்தி சும்மா இருப்பாரா? படம் அனுப்பு, படம் அனுப்பு என்று ஒரே நச்சரிப்பு.

சிட்னியின் மியூசியம் ஸ்டேஷன் அச்சு அசல் லண்டன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிலத்தடியில், வளைந்த கூரையும் சுவரில் சிவப்பு வட்டத்துப் பெயர்ப்பலகையுமாகப் பழைய காலத்து ஸ்டேஷன். உச்சிக் கோடையில் அப்பாவின் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு சித்தப்பா அங்கே வியர்த்து வழிய நின்று, போனை என்னிடம் நீட்டினார். சிட்னியில் ஓடுவதெல்லாம் மாடி ரயில்.

"ரெண்டு தட்டு ரெயின் வர முன்னம் கெதியா அமத்து. ஒருத்தருக்கும் சொல்லப்படாது, என்ன?"

அமத்தினேன். படம் பிரமாதமாக வந்தது. வினையே அதுதான்.

அடுத்த ஞாயிறு அப்பா சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "இவற்ற லண்டன் படம் பாத்தனீங்களோ அத்தான்? ஆரோ நல்லா எடுத்திருக்கினம்" என்றார் சித்தி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "சித்தி, அது நான் எடுத்தது! இங்க, எங்கட சிட்னியில!" என்று குறுக்கே பாய்ந்தேன்.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற சித்தப்பா மெல்ல வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். சித்தி கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை நாள் கடலில நிண்டனீங்கள்?"

"பத்தொன்பது."

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "வந்திட்டன்தானே, இஞ்ச பாரும், வந்திட்டன்தானே" என்று சித்தப்பா திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பாவம் சித்தி, தம்பிக்கும் சேர்த்து அன்றுதான் அழுதாரோ என்னவோ.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை. கப்பலில் சுற்றுலா போய்வந்ததாக வகுப்பில் பீற்றிக்கொண்டவனுக்கே ஏழு நாள்தான். பத்தொன்பது நாள் கப்பலில் போனவர் இவ்வளவு காலமும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று, அன்று முழுக்க நான் சித்தப்பாவோடு பேசவில்லை.