பாலம் சுற்றிய தூரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் தணிக்கைக் குறிப்பு வந்த அன்று நாஜர் அதை நேராக என் கையில் கொடுக்காமல் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நாஜர் என்பவர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். சம்மன் கொண்டுபோகும் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், பயணப்படி பில்லில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. டீயைப் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது.

குறிப்பில் இருந்தது இதுதான். குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு கிராமத்துக்கு நான் கோடையில் ஒரு தூரமும், மற்ற மாதங்களில் அதைப்போல மூன்று மடங்கு தூரமும் எழுதிப் பயணப்படி வாங்கியிருக்கிறேன். ஊர் நகர்ந்து போகாது. ஆகவே நான் எழுதியது பொய். கூடுதல் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். தூரத்தைக் கூட்டிக் காட்டியவர் என்று என் பணிப்பதிவேட்டில் எழுத வேண்டும்.

பணம் போனால் போகட்டும். அந்த வருடம், ஜப்தி நிறைவேற்றும் அமீனா பதவிக்கான உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறினால் பட்டியலிலிருந்து பெயர் இறங்கிவிடும். அதைவிட, இத்தனை வருடம் வெயிலில் கறுத்துப்போய் வண்டி ஓட்டியவளைப் பொய்க்காரி என்று ஒருவர் பேனாவால் எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை.

உண்மை என்னவென்றால், கோடையில் குடமுருட்டி வெறும் மணல். மொபெட்டை இக்கரை டீக்கடையில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் சட்டென்று ஊர் வந்துவிடும். அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகூட இதைச் சொல்லும். தணிக்கைக்கு வந்த அதிகாரி சென்னைக்காரர். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிற சாது மனிதர். போனில் மேப்பைத் திறந்து எனக்குக் காட்டினார். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போயிற்று.

"வழி இருக்கேம்மா?"

"அது நடக்கிற வழி சார். இப்ப அதுல நடந்தா கும்பகோணத்துல போய்தான் கரையேறுவீங்க."

நாஜர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். நான் விடவில்லை. "நேர்ல வந்து பாருங்க சார். அந்த ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க" என்றேன். அவர் மறுநாள் தாராசுரம் கோயில் பார்க்கப் போவதாக இருந்தது. போகிற வழிதானே, வருகிறேன் என்றார்.

யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கவே கூடாது. அதுவும் அந்த ஊரை வைத்துக்கொண்டு.

அந்த ஊருக்கு நான் அடிக்கடி போனதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று பங்காளி தொடுத்த வழக்கில் அவர் பிரதிவாதி. ஒவ்வொரு முறையும் நான் போகும்போது அவருடைய அம்மா வாசலில் நின்று, "திருப்பூர் போயிட்டான்மா" என்பார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். தட்டில் பாதிச் சோறு இருக்கும். கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்றால், இது இன்னார் வீடுதான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒரு நாள் கோர்ட்டுக்குச் சாட்சியாக வந்து நிற்க நேரிடும். நடவு நேரத்தில் யார் வருவார்கள்? ஆகவே என் காக்கிப் பையைப் பார்த்ததுமே அந்த ஊருக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீடு தெரியாது. குற்றம் சொல்லவில்லை, பழக்கம் அப்படி.

மறுநாள் நான் மொபெட்டில் முன்னால் போக, அதிகாரியின் கார் பின்னால் வந்தது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ஆற்றைக் காட்டினேன். இரு கரையும் தொட்டு ஓடியது.

"இன்னைக்கு இருக்கு. நீங்க போன நாள்ல எல்லாம் இருந்துச்சான்னுதானே கேள்வி" என்றார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஊருக்குள் பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாளிடம் முதலில் கேட்டார். "ஆத்துல எந்த மாசம் தண்ணி வரும்மா?"

அந்த அம்மாள் என் பையைப் பார்த்தார். "தெரியாதுங்க. நான் கடையை விட்டு எங்கயும் போறதில்ல." கடைக்குப் பின்னால்தான் ஆறு. பேசும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தவரை நிறுத்தினார். "கோடையில ஆத்துல நடந்து வரலாமா?"

"நடக்கலாம்னும் சொல்றாங்க, முடியாதுன்னும் சொல்றாங்க. எனக்கு விவரம் பத்தாது சார்."

படித்துறையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே ஒருவர் ஏறி வந்தார். அவரை நான் அந்த ஊரில் அதே துண்டோடு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "நான் வெளியூருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரி பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். கேலி செய்யவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க இந்த ஊருக்கு வந்தீங்கங்கிறதுக்கே இங்க ஒரு சாட்சி இல்லையே."

கோர்ட்டு வாசலில் பத்து பேரை வாயடைக்கிறவளுக்கு அங்கே கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று பையைத் துழாவுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"வந்தாங்க சார்."

குரல் கடைக்குப் பக்கத்தில் இருந்த வைக்கோல் போரிலிருந்து வந்தது. பிறகு ஆளும் வந்தார். தலையெல்லாம் வைக்கோல்.

"ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல சார். தண்ணி ஓடுற நாள்ல பாலத்து வழியாத்தான் வருவாங்க. வண்டி பாலத்துல ஏறும்போதே அந்தப் படபடச் சத்தம் எங்க கொல்லை வரைக்கும் கேக்கும். சாவகாசமா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். கோடையிலதான் ரொம்பக் கஷ்டம். மணல்ல நடந்து வந்தா சத்தமே இருக்காது. ஒருவாட்டி சோத்துக் கையோட ஓடினேன்."

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

வந்தவர் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். சம்மனில் படித்துப் படித்து மனப்பாடமாகிப்போன அந்தப் பெயர்களுக்கு அன்றுதான் ஒரு முகம் கிடைத்தது. என்னைவிடச் சின்னவர். கடைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்குய்யா வெளியில வந்த?" என்று நானே கேட்டுவிட்டேன். கோர்ட்டு ஊழியர் கேட்கிற கேள்வி இல்லை.

"பொய்க்காரின்னு சொல்றாங்களேம்மா. நீங்க வந்தது என்னைவிட வேற யாருக்குத் தெரியும்?"

அதிகாரி அதை ஒரு தாளில் எழுதி வாங்கினார். பிரதிவாதியும் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார். என் கை பைக்குள்ளேயே இருந்தது; அவருக்கான சம்மனின் ஓரம் விரலில் பட்டது. என் மானத்தைக் காப்பாற்றின மனிதரிடம் எப்படி நீட்டுவது? நீட்டாமல் போனால் அதிகாரி முன்னாலேயே நான் கடமை தவறியவள். பிரதிவாதியே கையை நீட்டினார்.

"கொடுங்கம்மா. இன்னும் எவ்வளவு நாள்தான் சுத்திக்கிட்டு வருவீங்க?"

வாங்கிக்கொண்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சம்மன் நகலை அதிகாரியிடம் நீட்டினேன்.

"இவர்தான் இன்னாருன்னு அடையாளத்துக்கு ஒரு கையெழுத்து வேணும் சார். உங்க முன்னாலதானே பேரைச் சொன்னாரு."

"போட்டா கோர்ட்டுக்கு வரணுமா?"

"கூப்பிட்டா வரணும் சார்."

அவர் பேனாவை மூடினார். "நான் வெளியூரும்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது. சாத்தியிருந்த அந்த வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சாட்சிக்குப் பயணப்படி உண்டு சார்," என்றேன். "எந்த வழியா வந்தீங்கன்னு மட்டும் சரியா எழுதிடுங்க."