கச்சானும் கடலும்

மகளுக்கு ஐந்து வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் மொண்டிசோரியில் கணினி விளையாட்டு வைத்துத்தான் சொற்கள் பழக்குகிறார்கள். திரையில் நான்கு படங்கள் வரும், ஒரு பெண்குரல் பெயர் சொல்லும். சரியான படத்தைத் தொட்டால் கைதட்டல். பிழையென்றால் ஒரு முகம் அழும்.

ஒரு நாள் கூட்டிவரப் போனபோது ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளைக்குப் படம் விளங்குதில்லைப் போல. கதிரையைத் தொடச் சொன்னா மாட்டைத் தொடுறா. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. முதலாம் வகுப்புக்குக் குடுக்கிற றிப்போட்டில இதையும் போடத்தான் வேணும்.”

அன்றே மட்டையில் படங்கள் வெட்டி ஒட்டினேன். “கதிரை எது?” சட்டென்று காட்டினாள். “மாடு?” அதையும் காட்டினாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

“அப்ப வகுப்பில வேணுமெண்டே பிழையாத் தொடுறியா?”

“இல்லை அம்மா. அந்த அன்ரி வேற மாதிரிக் கதைக்கிறா.”

சாட்டுச் சொல்கிறாள் என்று கையில் அடித்தேன். இரண்டு அடி.

டொக்டரிடம் நாள் எடுத்தேன். அதற்கு முன் ஒரு தரம் வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டுப் பின்னால் நின்றேன். “நாற்காலி எங்கே?” என்றது குரல், இந்தியத் தமிழில். மகள் கதிரைப் படத்தை விட்டுவிட்டு மாட்டின் கால்களை விரலால் எண்ணினாள். நாலு. மாட்டைத் தொட்டாள். முகம் அழுதது. “வேர்க்கடலை எங்கே?” அலையடிக்கும் கடலின் படத்தைத் தொட்டாள்.

“ஐயோ, திரும்பவும் அழுமூஞ்சி!” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு இந்தியக் கார்ட்டூன் பார்த்து அந்தச் சொற்கள் பழக்கம். பிள்ளைக்குக் கூடாதென்று வீட்டில் டிவியே போடாதவள் நான்.

“மிஸ், வேர்க்கடலையை நாங்கள் கச்சான் எண்டுதானே சொல்றது?” என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

“நானும் அப்பிடித்தான். ஆனா மார்க்ஸ் கேம்தானே போடுது.”

டொக்டரிடம் போகவில்லை. றிப்போட்டை மாற்றித் தரும்படி அழுத்திக் கேட்கவும் இல்லை. மிஸ்ஸைப் பகைத்தால் அதுவும் பிள்ளையின் தலையில்தான் விழும் என்று பயந்தேன். வீட்டில் அந்தக் குரலின் சொற்களையே பழக்கினேன். இரண்டு கிழமையில் எல்லாம் சரியாகத் தொட்டாள். ஆனால் அதற்குள் முந்தின மார்க்ஸோடு றிப்போட் போய்விட்டிருந்தது.

போன ஞாயிறு கடற்கரையில் அவளுக்குப் பிடித்த கச்சான் வாங்கி, “இந்தாங்கோ” என்று கடதாசிச் சரையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

“அம்மா, இதுக்கு இப்ப என்ன பேர் சொல்லோணும்?”