காப்பில் கட்டிய குஞ்சப்புல்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் ரோட்டோரம், என் மாங்கன்றுக் காட்டை ஒட்டி, தேனிக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர் பங்களா கட்டினார். ஆடுகூட வாய் வைக்காத ஒரு புல் அவருக்கு அழகாகத் தெரிந்தது. நர்சரியிலிருந்து கொண்டுவந்து வாசல் நெடுக நட்டார். நரிவால் மாதிரி வெளுத்த குஞ்சம். அதன் இங்கிலீஷ் பெயர் எட்டாவதோடு நின்ற என் வாயில் நுழையவில்லை. குஞ்சப்புல் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்கே அது என் வரப்பில் முளைத்தது. பங்குனியில் காய்ந்து சருகாகும். ரோட்டில் போகிறவன் பீடியைச் சுண்டினால் போதும், மாங்கன்றும் சொட்டுநீர்க் குழாயும் சாம்பல். கடப்பாரை போட்டு வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டினேன். பெயர்க்கப் பெயர்க்க பங்களா வாசலிலிருந்து விதை பறந்து வந்தது. போய்ச் சொன்னேன்.

"மொதலாளி, பூவ மட்டுமாச்சும் அறுத்துருங்க."

"ஒங்களுக்கு எதப் பாத்தாலும் பயம்ணே. என் நாயப் பாத்தும் பயந்தீக. இது புல்லு, கடிக்காது."

ஆனாலும் அறுத்தார், போகியன்று. வேப்பிலை, ஆவாரம்பூவோடு கண்ணுப்பிள்ளை என்கிற வெள்ளைச் சிறுபீளைப் பூவையும் சேர்த்து வீட்டிலும் காட்டு மூலையிலும் காப்புக் கட்டும் நாள் அது. கண்ணுப்பிள்ளை பறிக்க ஓடை வரை நடக்கச் சோம்பிய ஊர், இதுவும் வெள்ளைதானே என்று அவர் குவித்த குஞ்சத்தை அள்ளிப் போனது. கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் மாதிரி கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பார்த்தால் என் காட்டு மூலைகளிலும் குஞ்சம். கட்டியது என் வீட்டுக்காரி.

"மொதலாளி சும்மா கொடுத்தாக. லட்சணமாத்தான இருக்கு?"

"இம்புட்டு நாளா நான் தோண்டுனது எத?"

"நீங்க எதத்தான் தோண்டல? மின்னல் வெட்டுனாலே குழாயச் சுருட்டுவீக."

அவிழ்க்கப் போனேன்.

"கட்டுன காப்ப அவுத்தா காடு வெளங்குமா?"

அந்தப் பயமும் எனக்கு உண்டு. தீக்குப் பயந்து அவிழ்ப்பதா, சாமிக்குப் பயந்து விடுவதா? கடைசியில் ஒவ்வொரு காப்பின் மேலும் காலி உரச்சாக்கைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். விதை வெளியே வராது, காப்பும் அவிழவில்லை.

முதலாளி காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னண்ணே, காப்புக்குக் குளிருதா?"

அக்கம்பக்கத்துக் காடுகளில் அவருடைய தானம் மூடாமல் ஆடிக்கொண்டிருந்தது. காற்று என் பக்கமாகத்தான் அடித்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரப்புக்கு நடந்தேன்.